அந்தச் சின்னப் பாலத்தைத் திரும்ப விடுங்கள்

பிரிஸ்டல் என்று கூகுளில் படம் தேடிப் பாருங்கள். திரை முழுக்க ஒரே பாலம்தான் வரும். கிளிஃப்டன் தொங்கு பாலம். இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே, ஏவன் ஆற்றுக்கு மேலே, 214 மீட்டர் நீளத்துக்குத் தொங்குகிறது. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. படத்துக்குக் கீழே "புருனெல் கட்டியது" என்று ஒரு வரி இருக்கும். இசம்பார்ட் கிங்டம் புருனெல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய பொறியாளர். 2002இல் பிபிசி நடத்திய மகத்தான பிரித்தானியர்கள் வாக்கெடுப்பில் சர்ச்சிலுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தவர். ஒரு எஞ்சினியருக்கு இவ்வளவு ஓட்டு விழுவதை நினைத்தாலே ஆச்சரியமாக இருக்கிறது.

இந்தப் பதிவு அந்தப் பாலத்தைப் பற்றி இல்லை. அதே ஊரில், அந்தத் தொங்கு பாலம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு லாக்கின் ஓரமாக, மேம்பாலத்துக்குக் கீழே பல பத்தாண்டுகள் துருப்பிடித்துக் கிடந்த இன்னொரு பாலத்தைப் பற்றி. அதுவும் புருனெல் கட்டியதுதான். சொல்லப்போனால் அதுதான் புருனெல் கட்டியது.

எப்படி என்று கேட்கிறீர்களா? தொங்கு பாலத்துக்கு அடிக்கல் போட்டது 1831இல். காசில்லாமல் 1843இல் வேலை நின்றுபோனது. புருனெல் 1859இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு ஹாக்‌ஷா, பார்லோ என்ற வேறு இரண்டு பொறியாளர்கள் வடிவத்தை மாற்றி 1864இல் முடித்தார்கள். புருனெல் நினைத்த எகிப்திய அலங்காரம் கோபுரங்களில் ஏறவே இல்லை. அவர் வரைந்தது பக்கத்துக்கு இரண்டு சங்கிலி, கட்டியது மூன்று. அந்தச் சங்கிலிகளிலும் ஒரு பகுதி, லண்டனில் அவர் கட்டியிருந்த ஹங்கர்ஃபோர்டு நடைபாலத்தைப் பிரித்தபோது கிடைத்த செகண்ட் ஹேண்ட் சரக்கு. முடிந்த பாலத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

சின்னப் பாலமோ 1849இல், அவர் உயிரோடு இருக்கும்போதே முடிந்து, ஆட்களையும் வண்டிகளையும் சுமந்து, கப்பல் வரும்போதெல்லாம் ஒதுங்கி வழிவிட்டு, நூறு வருடத்துக்கு மேல் வேலை செய்தது. இப்போது அதற்கு ஆர்வலர்கள் வைத்திருக்கும் பெயர் "புருனெலின் இன்னொரு பாலம்". ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் செல்லமாக "பாப்". பெயரிலேயே பாருங்கள், "இன்னொரு". அண்ணன் பெயரைச் சொல்லி அடையாளம் காட்டப்படுகிற தம்பி மாதிரி :-)

அந்தப் பாலம் எதற்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நான் திட்டுவது உங்களுக்குப் புரியாது.

பிரிஸ்டல் கடலோர ஊர் இல்லை. கடலிலிருந்து ஏவன் ஆற்றின் வழியாக உள்ளே வரவேண்டும். அந்தப் பக்கத்தில் ஓதம் பயங்கரம். ஆற்று முகத்தில் நீர்மட்டம் சில நாட்களில் 12 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். மூன்று நான்கு மாடி உயரம், அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு முறை. தண்ணீர் வடிந்தால் கப்பல்கள் சேற்றில் உட்கார்ந்துவிடும். அதனால் 1804க்கும் 1809க்கும் இடையில் வில்லியம் ஜெஸப் என்பவர் ஆற்றின் ஒரு பகுதியையே அடைத்து, தண்ணீர் மட்டம் மாறாத துறைமுகமாக்கினார். ஆறு போக வேறு வழி வெட்டிவிட்டார். உள்ளே வரும் வாசலில் கம்பர்லேண்ட் பேசின் என்ற குளம் போன்ற ஓர் இடம். அதற்கு லாக்குகள். லாக் என்றால் இரண்டு பக்கமும் கதவு வைத்த நீளமான தொட்டி. கப்பலை உள்ளே விட்டு, பின்கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த பக்கத்து மட்டத்துக்குக் கொண்டுவந்து முன்கதவைத் திறப்பார்கள்.

இதெல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அந்த ஊரே தனக்குத் தானே ஒரு சிக்கலைக் கட்டிக்கொண்டது. புருனெலின் "கிரேட் பிரிட்டன்" கப்பல், 322 அடி நீளம், 50 அடிக்கு மேல் அகலம், இரும்பு உடம்பு, 1843 ஜூலையில் இளவரசர் ஆல்பர்ட் முன்னிலையில் பிரிஸ்டலில் வெள்ளோட்டம் விடப்பட்டது. விட்டுப் பார்த்தால் வெளியே போக வழியில்லை. லாக் குறுகலாக இருக்கிறது! இயந்திர வேலை பாதி, இந்த வாசல் பிரச்சினை பாதியாக, ஏறத்தாழ ஒன்றரை வருடம் உள்ளேயே கிடந்தது. கடைசியில் 1844 டிசம்பரில் வெளியே இழுக்கும்போது லாக்கில் சிக்கிக்கொண்டது. புருனெல் கூடவே நின்று லாக்கின் மேல்கற்களைப் பெயர்க்க வைத்து, அடுத்த உயர் ஓதத்தில் எப்படியோ வெளியேற்றினார். வீட்டுக்குள் கட்டில் செய்துவிட்டு நிலைக்கதவை இடித்த கதைதான்.

இதற்குப் பிறகுதான் தெற்கு லாக்கை அகலமாக்கும் வேலை புருனெல் கைக்கு வந்தது. லாக் அகலமானால் அதைக் கடக்கும் பாலமும் நீளமாக வேண்டும். கப்பலுக்குப் பாய்மரம் உண்டு, நிலையான பாலம் போட்டால் இடிக்கும். ஆகவே சுழலும் பாலம். கதவு கீலில் திரும்புவது போல, கரையில் ஒரு புள்ளியில் ஊன்றி முழுப் பாலமும் பக்கவாட்டில் திரும்பிக் கரையோடு ஒட்டிக்கொள்ளும். லாக்கின் மேல் நீளும் கை நீளமானது, கரைப்பக்கத்துக் கை குட்டையானது, அதில் எதிர்ப்பாரம். தராசுத் தட்டு போல இரண்டும் சமன்படும். இந்த எடையைத் தாங்க அவர் தேனிரும்புத் தகட்டை வளைத்துக் குழாய் மாதிரி விட்டம் செய்தார். குழாய் என்றால் எடை குறைவு, வளையாத உறுதி அதிகம். இதே யோசனையை வளர்த்துத்தான் 1852இல் செப்ஸ்டோ பாலம், 1859இல் சால்டாஷில் ராயல் ஆல்பர்ட் பாலம் என்று போனார். செப்ஸ்டோவின் குழாய்களை 1962இல் கழற்றிவிட்டார்கள். சால்டாஷ் இன்றும் ரயில் ஓடும் பெருமையோடு நிற்கிறது. இந்த இரண்டுக்கும் ஒத்திகை பார்த்த பாலம் எங்கே இருக்கிறது? மேம்பாலத்துக்குக் கீழே.

1870களில் பக்கத்திலேயே தாமஸ் ஹவர்ட் என்ற துறைமுகப் பொறியாளர் இன்னும் பெரிய லாக் ஒன்றைக் கட்டினார். புருனெலின் பாலத்தைக் கொஞ்சம் குட்டையாக்கி இந்தப் புது லாக்குக்கு நகர்த்தினார்கள். பழைய லாக்குக்கு அதே மாதிரியில் வேறொரு சின்னப் பாலம் செய்து போட்டார்கள். ஆக, நகல் அசலின் இடத்தில், அசல் வேறு இடத்தில். அப்படியும் அது சளைக்கவில்லை. 1965இல் பிளிம்சால் பாலம் என்ற பெரிய சாலைப் பாலம் வந்தது. கார்களுக்காகக் கட்டியது. அதுவும் சுழலும் பாலம்தான், ஆனால் பூதம். (சாமுவேல் பிளிம்சால் பிரிஸ்டலில் பிறந்தவர். கப்பலில் அளவுக்கு மேல் சரக்கேற்றி மாலுமிகளைக் கொல்வதை எதிர்த்துப் போராடியவர். கப்பலின் பக்கத்தில் இன்றும் போடும் சரக்களவுக் கோடு அவர் பெயரில்தான். இன்ஷூரன்ஸ் பாடம் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) அந்த வேலை முடிந்ததும் 1960களின் கடைசியில் சின்னப் பாலத்தைக் கடைசி முறையாகத் திருப்பி, லாக்கின் ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். ஒதுக்கியது ஒதுக்கியதுதான்.

1970 ஜூலையில் ஒரு காட்சி நடந்தது. ஃபாக்லாந்து தீவில் கைவிடப்பட்டுக் கிடந்த "கிரேட் பிரிட்டன்" கப்பலை மீட்டுக்கொண்டு வந்தார்கள். தொங்கு பாலத்துக்குக் கீழே அது நுழைந்தபோது கரையெல்லாம் கூட்டம். அது ஊரைவிட்டுப் போனபோது அந்தப் பாலமே கட்டி முடியவில்லை. நல்ல காட்சிதான். ஆனால் அப்படி உள்ளே வந்த கப்பல் யாரைத் தாண்டி வந்தது? எந்த வாசலில் சிக்கிக்கொண்டதோ, எந்தச் சிக்கலால் இந்தச் சின்னப் பாலமே பிறந்ததோ, அந்தப் பாலத்தின் பக்கமாகத்தான் வந்தது. கூட்டத்தில் எத்தனை பேர் அதைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

இப்போது திட்ட ஆரம்பிக்கிறேன்.

மூன்றும் ஒரே ஆளின் பெயரில் இருப்பவை. கப்பலைக் காப்பாற்றினார்கள், டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். தொங்கு பாலத்தைப் பேணுகிறார்கள், வண்டிகளுக்கு டோல் வாங்குகிறார்கள். சின்னப் பாலத்துக்கு டிக்கெட்டும் போட முடியாது, டோலும் வாங்க முடியாது. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குச் சும்மா நடந்து போகிறவனிடம் என்ன வசூலிப்பது? எனக்குத் தோன்றுகிற ஒரே காரணம் இதுதான். அழகில்லை என்பதோ வரலாறு இல்லை என்பதோ காரணமாக இருக்க முடியாது. இரண்டாம் தரத்தில் நட்சத்திரம் போட்ட பாதுகாப்புப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. இங்கிலாந்தில் பட்டியலிட்ட கட்டடங்களில் அந்தத் தரமும் அதற்கு மேலும் உள்ளவை மிகச் சிலவே. பட்டியலில் ஏற்றினால் இடிக்க விடமாட்டார்கள். பராமரிக்க யாரையும் வைக்கவும் மாட்டார்கள். பிறகு "அபாயத்தில் உள்ளவை" என்று இன்னொரு பட்டியல். அதிலும் ஏற்றினார்கள். பட்டியல் போடுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பி.காம். படிக்கிற பையனுக்கு இரும்புப் பாலத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். இரும்பு தெரியாது. கணக்கு கொஞ்சம் தெரியும். பிரிட்டனில் பாரம்பரியச் சொத்துகளுக்கென்றே 2009இல் தனிக் கணக்கியல் தரம் ஒன்று வந்தது, எஃப்.ஆர்.எஸ். 30. (இப்போது அது 102ஆம் தரத்துக்குள் அடக்கம்.) அறிவுக்காகவும் பண்பாட்டுக்காகவும் வைத்திருக்கும் சொத்துகளை எப்படிக் கணக்கில் காட்டுவது என்று அது சொல்கிறது. விலை போட முடியவில்லை என்றால் போடாமலே விடலாம். காலவரையற்ற ஆயுள் உள்ளது என்று கருதினால் தேய்மானம் எழுத வேண்டாம். ஆனால் அதே பழம்பொருளை நிறுவனம் தன் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தினால், அது பாரம்பரியச் சொத்து என்ற தலைப்பில் வராது. மற்றக் கட்டடம், இயந்திரம் போல சாதாரண நிலையான சொத்து. தேய்மானம் உண்டு.

இந்த ஒரு வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். வேலை செய்கிற பாலம் என்றால் வருடா வருடம் யாரோ ஒருவர் அதன் கணக்கைத் திறக்க வேண்டும். எவ்வளவு தேய்ந்தது, எப்போது மாற்றவேண்டும், பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கவேண்டும் என்று கேட்டே ஆகவேண்டும். ஓரமாகக் கிடக்கிற பாரம்பரியம் என்றால் யாரும் எதையும் கேட்க வேண்டாம். தேய்மானம் இல்லாத சொத்து! ஏட்டில் அப்படி எழுதலாம். ஏவன் ஆற்று ஈரக்காற்றில் கிடக்கிற தேனிரும்புக்கு அந்தத் தரத்தைப் படித்துக்காட்டியவர் யாரும் இல்லை போலிருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், "பெயிண்ட் அடித்து, விளக்கப் பலகை வைத்து, சுற்றி வேலி போட்டு நிறுத்தலாமே" என்கிற சமரசம் எனக்குப் பிடிக்கவில்லை. கேட்க நன்றாக இருக்கும். பத்து வருடத்தில் பெயிண்ட் உரியும். அப்போது மறுபடி நன்கொடை, மறுபடி பலகை. வீட்டுக் கிணற்றை யாரும் இறைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? சுழலும் பாலத்தின் சிறப்பே அது சுழல்வது. சுழலாமல் ஓரமாக நிற்பதற்குப் பெயர் பாலம் இல்லை, நீளமான இரும்புப் பெட்டி. கால் பட வேண்டும், திரும்ப வேண்டும். தன்னார்வலர்கள் 2010களில் தொடங்கி வார இறுதிகளில் வந்து துரு சுரண்டினார்கள். அவர்கள் கேட்டதும் இதுதான். நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான பாலமாக அது மறுபடி திரும்ப வேண்டும். அலங்காரப் பொருளாக வைக்கச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை.

எதிர்வாதங்கள் இருக்கின்றன. ஒன்றைத் தவிர மற்றவை லேசானவை. "அது குட்டையாக்கப்பட்டது, இடம் மாறியது, ஆகவே அசல் இல்லை" என்பார்கள். அந்த அளவுகோலை முதலில் தொங்கு பாலத்தின் மேல் வைத்துப் பார்க்கட்டும். "கடக்க ஏற்கெனவே வழி இருக்கிறது" என்பார்கள். மேலே ஏறிப்போய், கார்கள் இரைகிற சாலையோரமாக நடந்து, மறுபடி இறங்குவதை வழி என்று சொல்வது கார் வைத்திருப்பவர்கள் மட்டுமே. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளுகிறவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

கனமான எதிர்வாதம் பணம். இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. பழைய இரும்பு பணத்தைத் தின்னும். சாட்சி அதே ஊரிலேயே இருக்கிறது. பிரின்ஸ் ஸ்ட்ரீட் சுழல் பாலம், 1879இல் திறந்தது. 2015இல் பழுதுபார்க்க வண்டிகளுக்கு மூடினார்கள். சில மாத வேலை என்றார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே நினைத்ததைவிட அதிகமாக அரித்திருந்தது. 2017இல்தான் மறுபடி வண்டிகள் போயின. மாநகராட்சிக்குப் பள்ளி, வீடு, முதியோர் கவனிப்பு என்று ஆயிரம் செலவு. அதில் ஒரு ஓரத்துப் பாலத்துக்குப் பணம் கேட்பது நியாயமா?

நியாயம்தான் என்று நினைக்கிறேன். பிரின்ஸ் ஸ்ட்ரீட்டுக்கு இழுத்துப் பிடித்துச் செலவு செய்தார்களே, அங்கே யாரும் "கைவிட்டுவிடலாம்" என்று முடிவெடுக்கவில்லை. கார்கள் நின்றன, ஊர் கத்தியது, பணம் வந்தது. இன்னொரு உதாரணம். 1999இல் ஊர் நடுவே, சுற்றுலாப் பயணிகள் கூடும் இடத்தில், நடப்பவர்களுக்கு மட்டும் திறந்து மூடும் புத்தம்புதுப் பாலம் ஒன்று கட்டினார்கள். பேரோஸ் பிரிட்ஜ். இரண்டு பெரிய ஊதுகொம்பு வடிவத்தில் எதிர்ப்பாரம் வைத்தது. பிரிஸ்டலுக்குக் கொண்டுவரப்பட்ட பேரோ என்ற அடிமை மனிதரின் பெயர். (2020 ஜூனில் அடிமை வியாபாரி கோல்ஸ்டனின் சிலையை இழுத்துவந்து தண்ணீரில் தள்ளியது இந்தப் பாலத்துக்குப் பக்கத்தில்தான்.) அந்தப் பாலம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அந்தப் பெயருக்காகவே அது வேண்டும். நான் சொல்வது, நடப்பவர்களுக்காகத் திறந்து மூடும் பாலம் ஆடம்பரம் என்று அந்த ஊர் கருதவில்லை என்பதுதான். கடைகளும் கூட்டமும் இருக்கும் இடத்தில் புதிதாகவே கட்டும். கூட்டம் குறைந்த மேற்கு ஓரத்தில் ஏற்கெனவே கட்டிக் கிடப்பதை எடுத்துப் போடாது. தாமதிக்கிற ஒவ்வொரு வருடமும் துரு செலவை ஏற்றிக்கொண்டே போகிறது என்பது தனி. "அதிகச் செலவாகும்" என்று இன்று சொல்லும் அதிகாரியின் வாதத்தில் பாதியை உருவாக்கியதே முந்தைய அதிகாரிகள் சும்மா இருந்த அரை நூற்றாண்டுதான்.

இன்னொரு வாய்ப்பும் வந்திருக்கிறது. அந்த மேம்பாலச் சிக்கலையெல்லாம் பிரித்துவிட்டுப் புதிய குடியிருப்புகள் கட்டலாம் என்று மாநகராட்சி "வெஸ்டர்ன் ஹார்பர்" என்ற பெயரில் பேச ஆரம்பித்தது. சாலைக்கு மூன்று மாற்று வழிகளை வைத்து 2019இல் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், பெரிய சண்டையானது. சண்டை முழுக்கக் கார் எந்தப் பக்கம் போகும் என்பதைப் பற்றி. அங்கே நூற்றுக்கணக்கில் வீடு வந்தால் அந்த வீட்டுக்காரர்கள் பால் வாங்கவும் பள்ளிக்குப் போகவும் லாக்கைக் கடக்க வேண்டும். அப்போது ஒரு நடைபாலம் தேவை என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வடிவமைப்புப் போட்டி வைப்பார்கள், கண்ணாடியும் எஃகுமாக ஒரு படம் வரும். அதற்கு முன்னால் குனிந்து கீழே பார்க்கச் சொல்லுங்கள்.

"சரி, போட்டுவிட்டால் தினமும் அதை யார் திருப்புவது, அதற்குச் சம்பளம் யார் கொடுப்பது" என்பது கடைசிக் கேள்வியாக வரும். அந்த லாக் நாள் முழுக்கத் திறந்து மூடுவதில்லை. ஓதம் உயர்ந்திருக்கும் நேரத்தை ஒட்டித்தான் கப்பல்களும் படகுகளும் உள்ளே வெளியே போகும். மீதி நேரமெல்லாம் பாலம் லாக்கின் மேல் படுத்துக்கிடக்கலாம், மக்கள் நடக்கலாம். படகு வரும்போது லாக்கின் கதவைத் திறக்க ஊழியர்கள் எப்படியும் அங்கே வந்துதான் ஆகவேண்டும். பாலம் அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.